கல்லூரி வளாக நியாயத்துக்கான மாணவர் முயற்சிகள் (காவிரிப் படுகை)

கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ சேர்ந்த ஒவ்வொரு மாணவரும் சாதி, பாலினம், வருமானம், உடல்நிலை ஆகியவற்றால் தடைபடாமல் படித்து முடிக்க வேண்டும். இதற்காக மாணவர்களே முன்வைக்கும் கோரிக்கைகளும் அவர்கள் எடுக்கும் நடவடிக்கைகளும் வளாக நியாயத்துக்கான மாணவர் முயற்சிகள் எனப்படும். குடிநீர், விடுதிச் சாப்பாடு, கட்டணம், பேருந்து, படிக்கட்டு, தேர்வு நேரம் போன்ற அன்றாடப் பொருள்களைச் சுற்றியே இக்கோரிக்கைகள் பெரும்பாலும் எழுகின்றன.

தஞ்சாவூரை நடுவாகக் கொண்ட காவிரிப் படுகையில் இம்முயற்சிகளுக்கு 80 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1943-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தண்ணீர்ப் பானையை ஒட்டி எழுந்த எதிர்ப்பும், 2020–21-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர்கள் நடத்திய கட்டணப் போராட்டமும் இதற்குத் தெளிவான இரண்டு சான்றுகள். மாற்றுத்திறனாளி மாணவர்களின் உரிமைகள் இன்று இத்துறையில் முன்னிற்கின்றன.

சொற்களின் பொருள்

இத்துறையில் மூன்று சொற்களை வேறுபடுத்திப் புரிந்துகொள்வது நல்லது.

சமம்: எல்லாருக்கும் ஒரே விதி. ஒரே வினாத்தாள், ஒரே கட்டணம், ஒரே வாசல்.

நியாயம்: விதி ஒன்றாக இருந்தாலும் அது ஒவ்வொருவரையும் எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பது. மூன்று மணி நேரத் தேர்வு எல்லாருக்கும் பொது. ஆனால் பார்வையற்ற மாணவர் வினாவைக் கேட்டு, விடையைச் சொல்லி, இன்னொருவரை எழுதவைக்க வேண்டும். அவருக்கும் அதே மூன்று மணி நேரம் என்பது சமமாகத் தோன்றும், நியாயம் ஆகாது.

அணுகல்: ஒரு கட்டடத்தையோ நூலையோ இணையப் பக்கத்தையோ பிறர் தயவின்றி ஒருவர் அடைந்து பயன்படுத்த முடிவது. மாடியில் நூலகம் இருக்கிறது என்பது ஒரு செய்தி. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் அந்த நூலகத்துக்குள் போக முடிகிறதா என்பது வேறு செய்தி.

விதி ஒன்றாக இருப்பதாலேயே நியாயம் கிடைத்துவிடாது என்பதற்குக் கும்பகோணம் கல்லூரியிலேயே ஒரு பழைய சான்று உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையுடன் அங்கே சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி, ஆங்கிலம் முதலிய பிற பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார், படிப்பும் நின்றது. விதிப்படி அது சரியான முடிவுதான். ஆனால் அந்த மாணவரின் நிலையைக் கேட்டறிந்து, விதிக்குள் என்ன செய்யலாம் என்று ஆராய இன்று உள்ளதைப் போன்ற குறைதீர் குழு அன்று இல்லை.

காவிரிப் படுகையின் கல்விச் சூழல்

கும்பகோணம் அரசினர் கல்லூரி 1854-ல் தொடங்கப்பட்டது. உ. வே. சாமிநாதையர் தமிழாசிரியராகப் பணியாற்றிய கல்லூரி அது. விடுதலைக்குப் பின் தஞ்சாவூரில் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி (1955), பூண்டியில் புஷ்பம் கல்லூரி (1956), தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி (1959), குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி (1966) ஆகியவை எழுந்தன. 1981-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரிலும், 2009-ல் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூரிலும் நிறுவப்பட்டன. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் இயங்குகிறது. சிதம்பரத்தைச் சூழ்ந்த குமராட்சி, பரங்கிப்பேட்டை வட்டாரங்கள் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் படுகைப் பகுதிகளாகவே சேர்க்கப்பட்டுள்ளன.

நெல்லை நம்பிய வாழ்க்கை இங்கே கல்லூரி வாழ்க்கையையும் பாதிக்கிறது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. குறுவைக்கு உழவு, விதை, நடவு என வீட்டுப் பணம் வயலுக்குப் போகும் அதே ஜூன், ஜூலை மாதங்களில்தான் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணமும் வருகிறது. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். சம்பா அறுவடை தை, மாசியில். கையில் பணம் இல்லாத காலத்தில் கட்டணத்தைக் கேட்பதும், அறுவடைக்குப் பின் கேட்பதும் தொகையில் ஒன்றுதான், குடும்பத்துக்கு ஒன்றல்ல. தவணை முறை வேண்டும் என்று மாணவர் கேட்கும்போது அதன் பின்னால் இந்தப் பயிர்க் கணக்கு இருக்கிறது. நிலமில்லாத விவசாயத் தொழிலாளர் வீட்டு மாணவருக்கு நெருக்கடி இன்னும் கூடுதல், ஏனெனில் நடவும் அறுப்பும் இல்லாத நாள்களில் கூலியே இராது.

மழையும் புயலும் இதில் சேரும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், பருவத் தேர்வுகள் நடக்கும் காலத்தில் வந்தது. வீடும் தென்னையும் போன குடும்பங்களில் புத்தகங்களும் சான்றிதழ்களும் நனைந்து அழிந்தன. தேர்வைத் தள்ளிவைக்கவும், சான்றிதழுக்கு மறுபடி வழங்கவும் கேட்பது அத்தகைய நேரத்தில் மாணவர் உரிமையின் ஒரு பகுதியே.

கும்பகோணம், 1943: தண்ணீர்ப் பானை

அக்காலத்தில் பொது இடங்களிலும் சாதிப்படி இடம் பிரிக்கும் வழக்கம் இருந்தது. தென்னிந்திய இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கெனத் தனியிடம் இருந்து, எதிர்ப்புக்குப் பின் 1941-ல்தான் நீங்கியது. அதற்கு முன் 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி வைத்தது தமிழகம் முழுவதும் பெரிய சர்ச்சையாக வெடித்தது.

கும்பகோணம் அரசினர் கல்லூரியின் மாணவர் விடுதியிலும் குடிநீருக்கு இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று பிராமண மாணவர்களுக்கு. மற்றொன்று பிராமணர் அல்லாத மாணவர்களுக்கு. பிராமணர் அல்லாத ஒரு மாணவர் மற்றவர்களுக்கான பானையிலிருந்து நீர் அருந்தியதும், அதன்பேரில் எழுந்த கண்டனமும் மாணவர்களைக் கொதிக்கச் செய்தன என்று திராவிட இயக்க வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதன் தொடர்ச்சியாக 1943 டிசம்பர் 1 அன்று அக்கல்லூரியில் திராவிட மாணவர் கழகம் தோன்றியது. எஸ். தவமணிராசன், பின்னாளில் கவிஞராக அறியப்பட்ட கருணானந்தம் முதலியோர் அதை உருவாக்கியவர்கள். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் சேலத்தில். ஆகவே மாணவர் அமைப்பு அதற்கும் சில மாதங்கள் மூத்தது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது கோரிக்கையின் அளவு. சாதி ஒழிய வேண்டும் என்பது பெரிய இலக்கு. ஆனால் விடுதியில் ஒரே பானை வைப்பது விடுதியை நடத்துபவர் நினைத்தால் அன்றே செய்யக்கூடிய காரியம். கண்ணால் பார்க்க முடிந்த, செய்ய மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிய ஒன்றை மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெரிய இலக்கு அந்தச் சிறு பொருளின் வழியே எல்லாருக்கும் புரிந்தது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்கான தண்டனைச் சட்டமும் வந்தது. ஆயினும் விடுதியில் யார் யாருடன் உண்பது, யார் எந்த அறையில் தங்குவது என்பவை சட்டம் வந்தவுடன் மாறிவிடவில்லை. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் தாக்கப்பட்ட கொடுமைக்குப் பின், கல்வி நிலையங்களில் சாதி வேறுபாட்டை நீக்கும் வழிகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஜூனில் அளிக்கப்பட்டது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடைசெய்வது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025 ஜூலையில் ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை முதலியவற்றின் மாணவர் விடுதிகள் ‘சமூக நீதி விடுதிகள்’ எனப் பெயர் மாற்றப்படும் என்று அரசு அறிவித்தது. பெயர்ப்பலகை மாறிய விடுதியில் குடிநீரும் கழிப்பறையும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று கேட்பது அங்கே தங்கும் மாணவரின் பொறுப்பாகவும் உரிமையாகவும் தொடர்கிறது.

சிதம்பரம், 1996: பகிடிவதையும் சட்டமும்

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மூத்த மாணவர் ஒருவர் அக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்; உயர் நீதிமன்றம் அவரை விடுவித்த போதிலும் 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. இக்கொலைக்குப் பின் தமிழக அரசு பகிடிவதையைத் தடைசெய்து அவசரச் சட்டமும், 1997-ல் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகள் 2009-ல்தான் வந்தன. இன்று மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் அளிக்கும் உறுதிமொழியும், 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உதவியும் அவ்விதிகளின் பயன்களாகும்.

சிதம்பரம், 2020–21: கட்டணப் போராட்டம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை மாநில அரசு 2013-ல் தனிச் சட்டத்தின் மூலம் ஏற்றது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-ல் தொடங்கப்பட்டதாகும். பல்கலைக்கழகத்தோடு அதுவும் அரசின் கீழ் வந்தது. மாணவர் சேர்க்கை அரசுக் கலந்தாய்வு வழியே நடந்தது. ஆனால் கட்டணம் மட்டும் தனியார் கல்லூரி அளவிலேயே இருந்தது. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சத்து 44 ஆயிரம் ரூபாய். அதே கலந்தாய்வில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றவர் செலுத்தியது ஆண்டுக்கு 13,610 ரூபாய். வேறுபாடு ஏறத்தாழ 40 மடங்கு.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டம் தொடங்கினர். மருத்துவ இளநிலை, முதுநிலை மாணவர்களும் பல் மருத்துவ, செவிலிய மாணவர்களும் இதில் சேர்ந்தனர். அரசுக் கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் என்பதே அவர்கள் கோரிக்கை. கல்லூரி மூடப்படுவதாகவும் விடுதிகளைக் காலி செய்ய வேண்டும் என்றும் அறிவிப்பு வந்த போதும் அவர்கள் கலையவில்லை. 2021 ஜனவரி இறுதியில் மருத்துவக் கல்லூரியை உயர்கல்வித் துறையிலிருந்து சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வெளியானது. அதில் கட்டணம் பற்றித் தெளிவு இல்லை என்று மாணவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தனர். பிற அரசு மருத்துவக் கல்லூரிகளின் கட்டணமே இங்கும் என்ற ஆணை பிப்ரவரியில் வந்த பிறகே, ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த போராட்டம் முடிந்தது. அக்கல்லூரி இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது.

முதல் ஆணையோடு நின்றுவிடாமல் அதைப் படித்துப் பார்த்தது இங்கே முக்கியமானது. நிர்வாகம் எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பதும், மாணவர் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு விடை கிடைத்ததும் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அரசாணையைச் சொல்லுக்குச் சொல் படிக்கும் பழக்கம் மாணவர் இயக்கங்களுக்கு முழக்கத்தை விடப் பயன்படும்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள்

சட்ட நிலை

1995-ஆம் ஆண்டின் சட்டம் கல்வி நிலையங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதை அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடாக உயர்த்தியது. வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வும் தந்தது. 21 வகைக் குறைபாடுகள் சட்டத்துக்குள் வந்தன. கட்டடமும் வளாகமும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்துதர வேண்டும், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தர வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்ற கெடு 2022 ஜூனில் முடிந்தது.

2017 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்று உயர்கல்வி நிறுவனங்கள் 5 விழுக்காடு இடங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றது. வளாகத்துக்குள் ஆசிரியர், ஊழியர், மாணவர், பெற்றோர் அடங்கிய குழு ஒன்று மாற்றுத்திறனாளி மாணவரின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கலாம் என்ற யோசனையையும் யுஜிசி முன் வைத்தது. மற்றொன்று பொதுக் கட்டடங்களின் அணுகல் பற்றியது. இரண்டாவது வழக்கின் தொடர்ச்சியாக 2024 நவம்பரில், அணுகல் தரங்கள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2021-ல் வந்த மற்றொரு தீர்ப்பு, தேர்வில் உதவி பெறும் உரிமை 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்று உள்ளவர்களோடு நின்றுவிடுவதில்லை என்று விளக்கியது.

படிக்கட்டு

காவிரிப் படுகையில் வெள்ளத்துக்கு அஞ்சித் தரைத்தளத்தை உயர்த்திக் கட்டுவது வழக்கம். ஆகவே பழைய கல்லூரிக் கட்டடங்களில் வாசலிலேயே சில படிகள் இருக்கும். நடக்கிறவர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அங்கேயே கல்லூரி முடிந்துவிடுகிறது.

சாய்தளம் அமைப்பதற்கான அளவு 1-க்கு 12. ஒரு செ.மீ. உயர 12 செ.மீ. நீளம் வேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் என்றால் மொத்த உயரம் 45 செ.மீ.; சாய்தளத்தின் நீளம் 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர். ஆய்வுக்குழு வருகிறது என்பதற்காக இரண்டு மீட்டரில் கட்டி முடித்த சாய்தளம் ஏறமுடியாத அளவு செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது ஆபத்தும் உண்டு. ஒரு நாடாவை எடுத்துச் சென்று அளந்தால் இதை எந்த மாணவரும் கண்டுபிடிக்கலாம். கதவின் அகலம், கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கைப்பிடி இருக்கிறதா என்பவையும் இவ்வாறே சரிபார்க்கத்தக்கவை.

சாய்தளம் கட்ட நிதியும் காலமும் வேண்டும். ஆனால் மாடியில் நடக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு கால அட்டவணைத் திருத்தம் போதும். சட்டம் கூறும் ‘நியாயமான வசதி’ என்பது பல நேரங்களில் இத்தகைய செலவில்லாத மாற்றமே.

தேர்வும் பாடநூலும்

சொல்வதை எழுதுபவரைப் பயன்படுத்தும் மாணவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு இது ஒரு மணி நேரம். தேர்வுக்கு முதல் நாள் வரை எழுதுபவர் யார் என்று தெரியாமல் அலைவது பார்வையற்ற மாணவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. பாடம் அறியாத ஒருவர் எழுத வந்தால், மாணவர் சொன்ன கலைச்சொல் தாளில் வேறாகப் பதிவாகும், மதிப்பெண் குறையும். எனவே எழுதுபவர் பட்டியலைத் துறையே முன்கூட்டித் தயாரிக்க வேண்டும் என்பது மாணவர் கோரிக்கைகளில் முக்கியமானது.

பாடநூலில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பார்வையற்றோர் கணினியிலும் கைபேசியிலும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் மூலம் நூல்களைக் கேட்டுப் படிக்கின்றனர். யூனிகோடு முறையில் தட்டச்சு செய்த தமிழ் இதில் நன்றாக வாசிக்கப்படும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே ஒலிக்கும். ஒளிநகல் எடுத்துப் படமாக அனுப்பிய பக்கங்களோ ஒலிக்கவே ஒலிக்காது. பேராசிரியர் தம் குறிப்புகளை யூனிகோடில் தருவதற்குச் செலவு ஏதுமில்லை. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்றுவதை அனுமதிக்கிறது. பார்வையற்றோர்க்கு நூல் கிடைக்கச் செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. இவ்வளவு சட்டப் பாதுகாப்பு இருந்தும் ஒரு மாணவருக்கு ஒரு பாடக்குறிப்பு கிடைக்காமல் போவது எழுத்துருவால்தான்.

தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு வரை பிரெய்ல் நூல்களோடும் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களோடும் படித்த மாணவர், பொதுக் கல்லூரியில் சேரும் முதல் நாளிலேயே இவ்விரண்டையும் இழக்கிறார். இந்த இடைவெளியில்தான் பலர் படிப்பை விடும் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். 2013-ல் சென்னையில் பார்வையற்ற கல்லூரி மாணவரும் பட்டதாரிகளும் பல நாள் நடத்திய போராட்டம், படித்து முடித்த பின்னும் வேலை எட்டாத நிலையை வெளிக்கொணர்ந்தது.

மாணவியர், விடுதி, பேருந்து

படுகையின் கல்லூரிகளில் படிக்கும் மாணவியர் பலர் சிற்றூர்களிலிருந்து அன்றாடம் பேருந்தில் வந்து திரும்புகின்றனர். மாலை வகுப்பு முடியும் நேரமும் ஊருக்குப் போகும் பேருந்தின் நேரமும் பொருந்தாவிட்டால், சிறப்பு வகுப்பும் நூலகமும் அவர்களுக்கு இல்லை என்றாகிவிடும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. பின்னர் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிவானது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. பயணச் செலவு குறைந்தபின் எஞ்சும் கேள்வி பேருந்தின் நேரமும் எண்ணிக்கையும். அதற்கான மனு கல்லூரி முதல்வரோடு நின்றால் போதாது; போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் போக வேண்டும்.

விடுதிகளில் மாணவியருக்கு மட்டும் கடுமையான நேரக் கட்டுப்பாடு வைப்பது மற்றொரு குறை. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியருக்கு மட்டும் வேறுபாடான விடுதி விதிகளை விதிக்கக் கூடாது என்று யுஜிசியின் 2015-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பாலியல் தொல்லை பற்றிய உள்ளகப் புகார்க் குழுவில், புகார் மாணவர் தொடர்பானதானால் மாணவர் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும்.

பிற நாட்டுச் சான்றுகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் (பெர்க்லி) 1962-ல் சேர்ந்த எட் ராபர்ட்ஸ், போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அவர் பயன்படுத்திய செயற்கைச் சுவாசக் கருவியை விடுதி அறையில் வைக்க முடியாததால் வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அவரைத் தொடர்ந்து அதே நிலையில் உள்ள மாணவர்கள் வந்தனர். அவர்கள் குழுவாகச் சேர்ந்து எழுப்பிய கோரிக்கைகள், நகரின் நடைபாதை ஓரங்களைச் சாய்வாக்குவது வரை சென்றன.

வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகம் 1864 முதல் இயங்கியும், அதன் தலைவராகக் காது கேளாதவர் ஒருவர்கூட வந்ததில்லை. 1988 மார்ச்சில் மாணவர்கள் ஒரு வாரம் வளாகத்தை முடக்கி, கிங் ஜோர்டன் என்பவர் அப்பொறுப்புக்கு வரச் செய்தனர். தங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தங்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

கோரிக்கையை முன்வைக்கும் முறை

வளாகக் குறை ஒன்றைத் தீர்க்க விரும்பும் மாணவர் இந்த வரிசையில் செயல்படலாம்.

1. அளந்தும் எண்ணியும் எழுதுதல். ‘கல்லூரியில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இல்லை’ என்று எழுதினால் ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலே வரும். ‘வரலாற்றுத் துறையின் கிழக்கு வாசலில் மூன்று படிகள் உள்ளன, உயரம் 45 செ.மீ.; சாய்தளம் இல்லை; இரண்டாம் ஆண்டு வகுப்பு முதல் மாடியில் நடக்கிறது. இப்பருவம் முடியும் வரை வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றவும், 5.4 மீட்டர் சாய்தளம் கட்டவும் வேண்டுகிறோம்’ என்று எழுதினால், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

2. உரியவரிடம் கொடுத்தல். கால அட்டவணைக்குத் துறைத்தலைவர், தேர்வு வசதிக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கட்டடத்துக்கு முதல்வர் அல்லது பதிவாளர். மனுவின் நகலில் தேதியுடன் ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

3. குறைதீர் குழு. யுஜிசியின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். 15 வேலை நாள்களுக்குள் அது தன் பரிந்துரையை அளிக்க வேண்டும். நிறைவு இல்லையெனில் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

4. தகவல் உரிமை. ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை, சாய்தளத்துக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்குக் கெடு 30 நாள்.

5. வெளி அமைப்புகள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 இலட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

இடர்களும் விமர்சனங்களும்

மாணவர் முயற்சிகளுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் சிலவற்றுக்கு அடிப்படை உண்டு. நீண்ட போராட்டத்தில் வகுப்புகள் நின்றுபோகின்றன. அந்த இழப்பு ஏழை மாணவரையே கூடுதலாகத் தாக்குகிறது. கட்சிகள் மாணவர் குறையைத் தம் பிரசாரத்துக்குப் பயன்படுத்திவிட்டு விலகுவதும் உண்டு. மறுபுறம், தமிழகத்தின் பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை. பேசுவதற்கு முறையான இடம் இல்லாதபோது வாசலில் அமர்வதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் ஆசிரியர் கையில் இருப்பதால், தனியாகக் கையெழுத்திட மாணவர் அஞ்சுவது இயல்பே. கூட்டாகக் கையெழுத்திடுவதும், குறையற்ற மாணவர்களும் மனுவில் சேர்வதும் இந்த அச்சத்தைக் குறைக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை காலம். இளநிலை மாணவர் மூன்று ஆண்டில் வெளியேறிவிடுகிறார். முதல் ஆண்டில் குறையை உணர்ந்து, இரண்டாம் ஆண்டில் மனு கொடுத்து, மூன்றாம் ஆண்டில் தேர்வுக்குப் போய்விடுவார். அவரோடு கோரிக்கையும் போய்விடும். அடுத்து வருபவர் மறுபடி முதல் மனுவிலிருந்து தொடங்குவார். இதனால் மனு நகல், ஒப்புகை, பதில் கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். 5.4 மீட்டர் சாய்தளத்தைக் கேட்டவர் அதில் ஒருநாளும் ஏறாமல் பட்டம் பெற்றுப் போயிருக்கலாம். அந்தக் கோப்பு கைமாறியிருந்தால், மூன்று ஆண்டு கழித்து வாசலுக்கு வரும் மற்றொருவர் உள்ளே போவார்.